முட்டிக்குப் பயந்து ஸ்குவாட்டை விட்டவர்களுக்கு

"ஸ்குவாட் போட்டால் முட்டி தேய்ந்துபோகுமாமே?" எடைப் பயிற்சிக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். ஸ்குவாட் என்பது நின்ற நிலையிலிருந்து முட்டியையும் இடுப்பையும் மடக்கிக் கீழே இறங்கி, மறுபடி எழும் பயிற்சி. நான் எடைப் பயிற்சி கற்றுக்கொடுக்கிறவள். என்னிடம் வருகிறவர்களில் விளையாட்டு வீரர்கள் குறைவு. நாற்பதைத் தாண்டியவர்கள், நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள், முட்டிவலிக்கு ஏற்கெனவே ஏதாவது களிம்பு தடவிப் பார்த்தவர்கள்தான் அதிகம். "இனிமேல் முட்டியை மடக்கவே மடக்காதீர்கள்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மாடிப்படியைப் பார்த்தாலே தயங்கும் நிலைக்கு வந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு என்ன வரிசையில் சொல்லிக்கொடுக்கிறேனோ, ஏறக்குறைய அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

மடங்குவதால் முட்டி கெடுவதில்லை. மடங்குவதற்காகவே இருக்கிற மூட்டு அது. வாரக்கணக்கில் ஏற்ற வேண்டிய எடையை நாள்கணக்கில் ஏற்றி, அதையும் கட்டுப்பாடு இல்லாத வேகத்தில் இறக்கும்போதுதான் அது முரண்டு பிடிக்கிறது. கீழே நான் சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வரும்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது

1961-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் கிளெய்ன், ஆழமாக ஸ்குவாட் போடுகிற பளுதூக்குபவர்களின் முட்டி லிகமென்ட்டுகள் (எலும்பை எலும்போடு பிணைக்கும் நார்கள்) தளர்ந்திருப்பதாக எழுதினார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகை அதைப் பெரிதாக வெளியிட்டது. 'முழு ஸ்குவாட் ஆபத்து' என்ற பேச்சு அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. பின்னால் வந்த ஆய்வுகளில் அந்த முடிவு நிற்கவில்லை. 1989-இல் சாண்ட்லர், வில்சன், ஸ்டோன் ஆகிய மூவரும் 8 வாரம் முழு ஸ்குவாட்டும் அரை ஸ்குவாட்டும் போட்டவர்களைச் சோதித்தார்கள். முட்டியின் உறுதி குறையவில்லை. போட்டிகளில் ஸ்குவாட் போடுகிறவர்களின் முட்டியையும் பார்த்தார்கள். அதுவும் தளர்ந்திருக்கவில்லை, சில சோதனைகளில் சாதாரண ஆட்களுடையதைவிட இறுக்கமாகவே இருந்தது.

இன்னொரு கட்டளை இருக்கிறது: "முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது." இன்றைக்கும் பல ஜிம்களில் இதை வேதம்போலச் சொல்கிறார்கள். 2003-இல் ஃப்ரை என்பவரும் அவருடைய குழுவினரும் இதை அளந்து பார்த்தார்கள். பயிற்சி உள்ள ஏழு ஆண்கள், பாரில், அதாவது நீண்ட இரும்புத் தண்டில், எடை வைத்து, ஒருமுறை இயல்பாக ஸ்குவாட் போட்டார்கள். இன்னொருமுறை முட்டி முன்னால் போகாதபடி ஒரு பலகையை எதிரே நிறுத்தினார்கள். பலகை இருந்தபோது முட்டியின்மேல் வந்த முறுக்குவிசை, அதாவது மூட்டைத் திருப்பப் பார்க்கும் விசை, 150 நியூட்டன் மீட்டரிலிருந்து 117-ஆகக் குறைந்தது. கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் இடுப்பு மூட்டில் அது 28-லிருந்து 302-க்கு ஏறிவிட்டது. உடம்பும் இன்னும் முன்னால் சாய்ந்தது. முட்டியில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கப் போய், இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் பல மடங்கு வேலை வைத்துவிட்டார்கள். நீளமான தொடை எலும்பு உள்ளவர் விரலைத் தாண்டாமல் முழு ஆழத்துக்கு இறங்கவே முடியாது, பின்னால் விழுந்துவிடுவார். ஆகவே முட்டி விரலைத் தாண்டுகிறதா என்று நான் பார்ப்பதில்லை. குதிகால் தரையில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். குதிகால் ஒட்டியிருக்கும்வரை முட்டி எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவும் உங்களுக்குச் சொந்தமான தூரம்.

மடங்கும்போது உள்ளே நடப்பது

முட்டிச்சில்லு தொடையின் முன்தசைக்கும் காலெலும்புக்கும் நடுவில் ஒரு நெம்புகோல்போல வேலை செய்கிறது. முட்டி மடங்க மடங்க, சில்லு பின்னால் உள்ள தொடை எலும்பின்மேல் அழுந்துகிறது. அந்த அழுத்தம் 90 டிகிரியை ஒட்டி உச்சத்துக்குப் போகிறது. அதற்கும் கீழே இறங்கினால் தொடைத்தசையைச் சில்லோடு இணைக்கும் தசைநாரே எலும்பின்மேல் படிந்து பாரத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. பின்தொடையும் கெண்டைச்சதையும் ஒன்றோடொன்று அழுந்துவதும் கொஞ்சம் தாங்குகிறது. முன்பக்கக் குறுக்கு லிகமென்ட், அதாவது ஏ.சி.எல்., மேல் விழும் இழுவையும் முட்டி லேசாக மடங்கியிருக்கும்போதுதான் அதிகம், ஆழம் கூடக் கூடக் குறைகிறது.

இதில் ஒரு முக்கியமான விஷயம் ஒளிந்திருக்கிறது. பாதி வரை இறங்கித் திரும்புகிறவரால், முழுசாக இறங்குகிறவரைவிட மிக அதிக எடையைத் தூக்க முடியும். அந்தக் கூடுதல் எடையோடு, சில்லு அதிகமாக அழுந்தும் இடத்துக்கு அருகிலேயே அவர் வேகத்தை நிறுத்தித் திருப்புகிறார். 2013-இல் 'ஸ்போர்ட்ஸ் மெடிசின்' இதழில் ஹார்ட்மன் குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, மிகப் பெரிய எடையோடு கால்வாசி ஆழமோ அரை ஆழமோ மட்டும் இறங்கும் ஸ்குவாட்டுகளைத்தான் நீண்ட காலத்தில் முட்டிக்கும் முதுகுக்கும் கவலை தரக்கூடியதாகச் சொன்னார்கள். கற்றுக்கொண்டு சரியாகப் போடும் ஆழமான ஸ்குவாட்டை அல்ல.

என்னிடம் வந்த கல்லூரித் தம்பி ஒருவன் 100 கிலோ வைத்து நான்கு விரல்கடை இறங்கி ஏறிக்கொண்டிருந்தான். சில்லுக்குக் கீழே ஓயாத வலி. எடையைப் பாதியாக்கி, முழுசாக இறங்கி, அடியில் ஒரு மூச்சு நின்று எழச் சொன்னேன். முதல் நாள் அவனுக்கு அவமானமாக இருந்தது. நான் விடவில்லை. சில மாதங்களில் அந்த 100 கிலோவை முழு ஆழத்தில் வலியில்லாமல் எழுப்பினான். அவனுக்கு ஆழம் மருந்தானது என்பதைவிட, முழு ஆழம் அவனை நியாயமான எடைக்குக் கட்டிப்போட்டது என்பதே சரி.

பாதத்திலிருந்து ஆரம்பிப்போம்

பாதங்களைத் தோள் அகலத்துக்கு, அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலாக வையுங்கள். விரல்கள் 15 முதல் 30 டிகிரி வரை வெளியே திரும்பியிருக்கட்டும். இடுப்பு மூட்டின் குழி ஒவ்வொருவருக்கும் வேறு ஆழத்தில், வேறு கோணத்தில் அமைந்திருக்கிறது. அதனால் எல்லாருக்கும் ஒரே நிலை என்று ஒன்று கிடையாது. எடையே இல்லாமல் அகலத்தையும் கோணத்தையும் மாற்றி மாற்றி இறங்கிப் பாருங்கள். எதில் இடுப்பின் முன்பக்கம் இடிக்காமல், தடையில்லாமல் கீழே போகிறீர்களோ அதுதான் உங்கள் நிலை.

அப்புறம், பாதத்தில் மூன்று இடங்களை உணருங்கள்: கட்டைவிரலின் அடிமேடு, சுண்டுவிரலின் அடிமேடு, குதிகால். இறங்கும்போதும் ஏறும்போதும் இந்த மூன்றும் தரையைவிட்டுக் கிளம்பக் கூடாது. முட்டி உள்ளே சாய்கிறவர்களைக் கவனித்தால் அநேகமாகச் சுண்டுவிரல் பக்கம் லேசாகியிருக்கும், பாதத்தின் வளைவு சப்பையாகியிருக்கும். வெளியே தள்ளுகிறவர்களுக்குக் கட்டைவிரல் எழும்பியிருக்கும். முட்டியைச் சரிசெய்ய நினைப்பதற்கு முன் பாதத்தைச் சரிசெய்தால் பாதி வேலை முடிந்துவிடுகிறது. அதனால்தான் முதல் வகுப்பில் எல்லாரையும் செருப்போ ஷூவோ இல்லாமல் நிற்கச் சொல்கிறேன்.

ஷூ போட்டே பயிற்சி செய்வதானால் ஓட்டத்துக்கான மெத்தென்ற ஷூ வேண்டாம். எடை ஏறும்போது அந்த மெத்தை அமுங்கி, கால் அசைந்துகொண்டே இருக்கும். தட்டையான, கெட்டியான அடி உள்ள ஷூ போதும்.

கணுக்கால் மடங்காதவர்களுக்கு ஒரு சோதனை. சுவரைப் பார்த்து ஒரு முழங்காலை மட்டும் தரையில் ஊன்றுங்கள். முன்னால் இருக்கும் பாதத்தின் பெருவிரல் நுனி சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளியிருக்கட்டும். குதிகாலை எடுக்காமல் முட்டியால் சுவரைத் தொடுங்கள். தொட முடிந்தால் கணுக்கால் ஸ்குவாட்டுக்குப் போதுமான அளவு மடங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். முடியாவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை. குதிகாலுக்கு அடியில் 2 செ.மீ. உயரத்துக்குச் சின்னப் பிளேட் (பாரில் மாட்டும் எடைத்தட்டு) வைத்துக்கொள்ளுங்கள். பளுதூக்குபவர்களின் ஷூவில் குதிகால் உயர்ந்திருப்பதும் இதற்காகத்தான். கூடவே கெண்டைச்சதையை நீட்டும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். இரண்டு கணுக்காலும் ஒரே அளவு மடங்குகிறதா என்றும் பாருங்கள். பழைய சுளுக்கு ஒன்று ஒரு பக்கத்தை இறுக்கி வைத்திருந்தால், ஸ்குவாட்டில் உடம்பு இன்னொரு பக்கம் சாயும், அந்தப் பக்க முட்டிதான் பாரம் சுமக்கும்.

இறங்குவது

நின்றபடி மூச்சை வயிறு நிறைய இழுங்கள். மார்பு மேலே எழும்பினால் போதாது. வயிறும் விலாவும் பின்முதுகும் எல்லாப் பக்கமும் விரிய வேண்டும். யாரோ வயிற்றில் குத்தப்போகிறார் என்றால் எப்படி இறுக்குவீர்களோ அப்படி இறுக்குங்கள். இந்த இறுக்கம் முதுகைக் காப்பாற்றுகிறது. பெரிய எடைக்கு மூச்சை அடக்கியே இறங்கி, எழுந்து முக்கால் தூரம் வந்த பிறகு விடுவது வழக்கம். அப்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். ஏற்கெனவே ரத்த அழுத்தமோ இதயப் பிரச்சினையோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மூச்சை அடக்க வேண்டாம். எழும்போது சீராக வெளியே விட்டுக்கொண்டே, அதற்குத் தகுந்த சின்ன எடையோடு போடுங்கள்.

இப்போது இடுப்பும் முட்டியும் ஒரே நேரத்தில் மடங்கட்டும். "முதலில் பின்னால் தள்ளு, அப்புறம் உட்கார்" என்று சொல்லிக்கொடுத்தால் பலர் இடுப்பை ரொம்பப் பின்னால் தள்ளிக் குனிந்துவிடுகிறார்கள். "முதலில் முட்டியை முன்னால் கொண்டுபோ" என்று சொன்னால் குதிகால் கிளம்பிவிடுகிறது. இரண்டு பாதங்களுக்கும் நடுவில் நேர்கீழாக உட்காரப்போவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

கீழே போக மூன்று விநாடி எடுங்கள். நான் கண்ட மிகப் பெரிய வித்தியாசம் இதில்தான் வருகிறது. வேகமாக விழுந்து அடியில் மோதித் துள்ளி எழுகிறவர்களின் சில்லும் தசைநாரும் ஒவ்வொரு முறையும் திடீர் இழுவையை வாங்குகின்றன. மெதுவாக இறங்குகிறவரால் அந்த எடையை ஒவ்வொரு அங்குலத்திலும் தசையாலேயே பிடித்து வைத்திருக்க முடிகிறது. மூன்று விநாடியில் இறங்க முடியாத எடை, இப்போதைக்கு உங்கள் எடை அல்ல.

முட்டி எந்தப் பக்கம் போக வேண்டும்? பாதத்தின் இரண்டாம், மூன்றாம் விரல் பார்க்கும் திசையில். இதை நான் விடாமல் சொல்வேன். முட்டி பெரும்பாலும் கதவின் கீல் மாதிரி முன்னும் பின்னும் அசைவதற்காக அமைந்தது. எடையைச் சுமந்துகொண்டு பக்கவாட்டில் சாய்ந்து முறுக்கினால் மெனிஸ்கஸும் (முட்டிக்குள் மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பு) லிகமென்ட்டும் சில்லின் விளிம்பும் சேர்ந்து அவதிப்படும். எழும்போது கொஞ்சம் உள்ளே நெளிந்து உடனே நேராவது எடை தூக்கிப் பழகியவர்களிடமும் தெரியும். அதற்காகப் பதற வேண்டாம். ஒவ்வொரு ரெப்பிலும், அதாவது இறங்கி எழும் ஒவ்வொரு முறையும், முட்டிகள் ஒன்றையொன்று நோக்கிச் சரிந்தால் அங்கேயே எடையைக் குறையுங்கள்.

சரிவதற்கான காரணம் பலருக்கும் இடுப்பின் பக்கவாட்டுத் தசை வலுவில்லாததும், பாதம் சப்பையாவதும், எடை அதிகமாயிருப்பதும்தான். "முட்டியை வெளியே தள்ளு" என்று கத்துவதைவிட "தரையைப் பாதங்களால் இரண்டாகக் கிழிப்பதுபோல வெளிப்பக்கம் அழுத்து" என்று சொன்னால் புதியவர்களுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. பாதம் நகராது, ஆனால் பிட்டத் தசை விழித்துக்கொள்ளும். முட்டிக்குச் சற்று மேலே ரப்பர் பேண்ட் ஒன்றைக் கட்டிக்கொண்டு, எடையில்லாமல் வார்ம்-அப்பில் பத்துப் பன்னிரண்டு முறை இறங்கி எழுவதும் உதவும்.

எவ்வளவு ஆழம்? பவர்லிஃப்டிங் போட்டி விதியில், இடுப்பு மூட்டருகே தொடையின் மேற்பரப்பு, முட்டியின் மேற்புறத்தைவிடக் கீழே போக வேண்டும். நாம் போட்டிக்குப் போவதில்லை. குதிகால் ஒட்டியிருந்து, முட்டி நேராக இருந்து, கீழ்முதுகு சுருண்டு உள்ளே மடியாமல் எவ்வளவு தூரம் போக முடிகிறதோ அதுவே இன்றைய ஆழம். பக்கவாட்டிலிருந்து கைபேசியில் படம் பிடித்துப் பாருங்கள். மேலே நின்று குனிந்து பார்த்தால் ஆழம் தெரியாது. மிக அடியில் இடுப்பு லேசாகச் சுருள்வது எல்லாருக்கும் நடக்கும். முதுகின் வளைவு கண்ணுக்குத் தெரியும்படி உருண்டால் அதற்கு இரண்டு அங்குலம் மேலேயே நில்லுங்கள். மாதங்கள் போகப் போக அந்தக் கோடு தானாகக் கீழே இறங்கும்.

எழும்போது பாதத்தின் நடுவால் தரையை அழுத்துங்கள். இடுப்பும் தோளும் ஒரே வேகத்தில் மேலே வரட்டும். இடுப்பு முந்திக்கொண்டு எழுந்து மார்பு கீழேயே கிடந்தால், தொடைக்கு வர வேண்டிய வேலை முதுகுக்குப் போகிறது. மேலே வந்ததும் முட்டியைப் பின்னால் தள்ளிப் பூட்டாதீர்கள். நேராக நின்றால் போதும்.

எந்த எடையில் தொடங்குவது

நாற்காலிதான் முதல் கருவி. என்னிடம் ஒரு பள்ளி ஆசிரியை வந்தார், ஐம்பதைத் தாண்டியவர். கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து எழவே அவருக்குத் தொடையில் கையூன்ற வேண்டியிருந்தது. நாற்காலியில் இரண்டு தடித்த மெத்தைகளைப் போட்டு உயரத்தைக் கூட்டினோம். மூன்று விநாடியில் இறங்கி, பிட்டம் மெத்தையைத் தொட்டதும் உடம்பைத் தளர்த்தாமல் எழுவது. எட்டு முறை சேர்ந்தது ஒரு செட், அப்படி மூன்று செட், வாரம் மூன்று நாள். வலி இல்லாமல் சுலபமானபோது ஒரு மெத்தையை எடுத்தோம், பிறகு இன்னொன்றை. அதற்கப்புறம்தான் கையில் எடை. அவருடைய முட்டியில் படபடவென்று சத்தம் வரும். அது அவரை ரொம்பப் பயமுறுத்தியது. வலியோ வீக்கமோ இல்லாத சத்தம் கெடுதல் இல்லை. அதை அவர் நம்பச் சில வாரங்கள் ஆயின. நம்பிய பிறகுதான் முன்னேற்றம் வேகமெடுத்தது.

நாற்காலியைத் தாண்டியவர்களுக்கு கோப்லெட் ஸ்குவாட். ஒரு டம்பெல்லை (கையில் பிடிக்கும் சின்ன எடைக் கருவி) நெஞ்சோடு ஒட்டி, இரு கையாலும் ஒரு முனையைத் தாங்கிப் பிடித்து இறங்குவது. முன்னால் இருக்கும் எடை சமநிலைக்கு உதவுவதால் உடம்பு தானாகவே நிமிர்ந்து நிற்கும். அடியில் முழங்கை முட்டிகளின் உட்புறத்தைத் தொடும். தொடும் இடத்தில் இரண்டு விநாடி தங்குங்கள். எவ்வளவு எடை என்று கேட்டால், பத்து முறை தூக்கியபின் இன்னும் மூன்று முறை தூக்கலாம் என்று தோன்றும் எடை. புதியவர்களை இரண்டு மூன்று மாதம் இதிலேயே வைத்திருக்கிறேன். பார்பெல்லுக்கு, அதாவது இரு முனையிலும் எடை மாட்டித் தோளில் சுமக்கும் பாருக்கு, போக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கனமான டம்பெல்லில் கோப்லெட் ஸ்குவாட்டும், ஒற்றைக்கால் பயிற்சிகளும் செய்தே வாழ்நாள் முழுக்க வலுவாக இருக்கலாம்.

பார்பெல்லுக்கு வரும்போது

ராக்கில், அதாவது பாரைத் தாங்கி நிற்கும் சட்டத்தில், பாரின் உயரம் உங்கள் மார்பின் நடுவை ஒட்டி இருக்கட்டும். எடுக்கும்போது குதிகாலை எக்க வேண்டிய உயரம் தவறு. சேஃப்டி பின்களை, அதாவது எழ முடியாமல் போனால் பாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகளை, உங்கள் ஆழத்தில் பார் இருக்கும் இடத்துக்கு இரண்டு விரல்கடை கீழே பூட்டுங்கள். வெறும் பாரை வைத்து இறங்கிச் சோதித்த பிறகே பிளேட் ஏற்றுங்கள். பின் இல்லாத ராக்கில், தனியாக, கனமாக ஸ்குவாட் போடவே கூடாது. எழ முடியாமல் போனால் பதறி முன்னால் குனியாதீர்கள். மெதுவாக இன்னும் இறங்கிப் பாரை அந்தப் பின்களின்மேல் உட்காரவைத்துவிட்டு வெளியே வாருங்கள். இதை வெறும் பாரிலேயே ஒரு முறை பழகி வைத்தால், நிஜமாக நடக்கும்போது கை நடுங்காது.

பார் கழுத்தெலும்பின்மேல் உட்காரக் கூடாது. தோள்களைப் பின்னால் இழுத்தால் கழுத்துக்குக் கீழே எழும்பும் சதைத் திண்டின்மேல் வையுங்கள். இன்னும் கொஞ்சம் கீழே, தோளின் பின்பக்கத்தில் வைத்தால் உடம்பு அதிகம் சாயும், வேலை இடுப்புக்குப் போகும், முட்டிக்குச் சற்றுக் குறையும். முட்டி நச்சரிக்கும் காலங்களில் அந்த வகையையோ, பெட்டியில் உட்கார்ந்து எழும் பாக்ஸ் ஸ்குவாட்டையோ போடச் சொல்வது உண்டு. பாரை எடுத்ததும் மூன்று எட்டுக்கு மேல் பின்னால் நடக்க வேண்டாம்.

நேராகப் பெரிய எடைக்குத் தாவாதீர்கள். அன்றைய வேலை 60 கிலோ என்றால் வெறும் 20 கிலோ பாரில் எட்டு, 35-இல் ஐந்து, 50-இல் மூன்று என்று ஏறி, பிறகு 60-இல் ஐந்து முறை வீதம் மூன்று செட். ஒவ்வொரு செட்டிலும் கடைசி இரண்டு ரெப் மிச்சம் இருப்பதுபோல நிறுத்துங்கள். எல்லா ரெப்பும் ஒழுங்காக முடிந்தால் அடுத்த முறை 2.5 கிலோ கூட்டலாம். அது நின்றுபோகும்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டினால் போதும். தசை சில வாரங்களில் பலம் பெறும். தசைநார் அதைவிட மெதுவாகத்தான் கெட்டிப்படும். "எனக்குத் தெம்பாக இருக்கிறதே" என்று நீங்கள் சொல்வது தசையின் பேச்சு. முட்டியைச் சுற்றியிருக்கும் நார்களுக்கு அந்தத் தெம்பு வர இன்னும் மாதங்கள் ஆகும். சொல்லிக்கொடுத்தபடியே செய்தும் வலி வந்தது என்று வருகிறவர்களின் குறிப்பேட்டைப் பார்த்தால், பெரும்பாலும் எடையோ செட்டோ திடீரென ஏறியிருக்கும்.

வலியைப் படிப்பது

வலியை பூஜ்ஜியத்திலிருந்து 10 வரை எண்ணிப் பாருங்கள். பயிற்சியின்போது 3 வரை இருந்து, செட் போகப் போகக் கூடாமல், மறுநாள் காலையில் வழக்கமான அளவுக்குத் திரும்பியிருந்தால் தொடரலாம். அதற்கு மேல் போனாலோ, மறுநாள் கூடியிருந்தாலோ எடையை அல்லது ஆழத்தை, இரண்டில் ஒன்றை, குறையுங்கள். ஒரேயடியாக நிறுத்தி ஓய்வெடுப்பதை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன். ஓய்வில் வலி அடங்கும், ஆனால் முட்டியைத் தாங்கும் பலமும் சேர்ந்தே போய்விடும்.

எங்கே வலிக்கிறது என்பது முக்கியம். சில்லுக்கு நேர் கீழே, ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படி வலித்தால் அது தசைநார் சமாச்சாரமாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு உட்கார்ந்து காலை நீட்டும் லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினில் முட்டியை 60 டிகிரி அளவில் மடக்கி, அசைக்காமல் 45 விநாடி பிடித்து வைத்திருப்பது நல்ல பலன் தருகிறது. நடுவில் இரண்டு நிமிடம் விட்டு ஐந்து முறை. அதன்பின் மெதுவான ஸ்குவாட். சில்லைச் சுற்றியோ பின்னாலோ மந்தமாக, படி இறங்கும்போதும் நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் வலித்தால், சில வாரங்களுக்கு வலி தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே நிற்கும்படி பெட்டி வைத்துப் போடுங்கள். வலி பின்வாங்கப் பின்வாங்கப் பெட்டியைத் தாழ்த்துங்கள்.

இதெல்லாம் வீட்டில் பார்த்துக்கொள்ளக்கூடியவை. முட்டி அன்றைக்கே வீங்கினால், மடங்கிய நிலையில் மாட்டிக்கொண்டு நீள மறுத்தால், நடக்கும்போது திடீரென மடிந்து விழப்பார்த்தால், அடிபட்ட நொடியில் 'பட்' என்று கேட்டிருந்தால், காய்ச்சலோடு சிவந்து சூடாக இருந்தால் ஸ்குவாட்டை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். முட்டியில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் தங்கள் ஃபிசியோதெரபிஸ்ட் சொல்லும் ஆழத்தையும் எடையையும் மீற வேண்டாம்.

முட்டி உறை பற்றிக் கேட்பார்கள். ரப்பர்த் துணியிலான ஸ்லீவ் மூட்டைச் சூடாக வைக்கும், மனசுக்கும் ஒரு தைரியம், போடலாம். இறுக்கிச் சுற்றும் ராப் அப்படி அல்ல. அது தூக்க முடியாத எடையைத் தூக்கவைக்கும், சில்லையும் அழுத்தும். போட்டிக்குத் தயாராகாத யாருக்கும் அது தேவையில்லை என்பது என் தீர்மானமான கருத்து. வலியை மறைக்க அதைச் சுற்றிக்கொள்வதைக் கண்டால் நான் அந்த இடத்திலேயே கழற்றச் சொல்லிவிடுவேன்.

பயணம், காய்ச்சல், வேலை என்று பயிற்சி விட்டுப்போவது எல்லாருக்கும் நடக்கும். இரண்டு வாரம் விட்டிருந்தால் பழைய எடையில் முக்கால் பங்கில் தொடங்குங்கள். ஒரு மாதத்தைத் தாண்டியிருந்தால் பாதியில். முதல் நாள் இரண்டே செட். மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடைச் சதை பிடித்துக்கொண்டு வலிப்பது சகஜம், அதை முட்டிவலியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். காலையில் எழுந்ததும் நாலு படி இறங்கிப் பாருங்கள். தொடை மட்டும் முனகினால் அடுத்த முறை மூன்றாவது செட்டைச் சேருங்கள். முட்டி முனகினால் அதே எடையில் இன்னும் ஒரு வாரம் இருங்கள்.